வாடினால்தான் மணக்குமா?

தண்ணீர் குறைந்தால் துளசிக்கு மணம் கூடும். அதை நான் மறுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அரை ஏக்கரில் மாலைக்காரர்களுக்காகத் துளசி போடுகிறேன். சித்திரையில் கிணறு இறங்கியதும் இலை சிறுத்துவிடும். கசக்கினால் காரம் மூக்கில் ஏறும். உபந்யாசம் செய்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பகவான் அடியாரைத் தவிக்கவிடுவதும் மணம் கூட்டத்தானாம்.

என்னிடம் துளசி வாங்கும் அக்கா ஒருவருக்கு, கணவரின் காரியம் முடிவதற்குள் இந்த ஆறுதல் வந்து சேர்ந்துவிட்டது. "அப்ப தண்ணி பாத்து வளந்தவுங்கல்லாம் மணக்கலையா தம்பி?" என்று கேட்டார்.

துளசியின் எண்ணெய் இலைமேல் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. இலை விரியாதபோது அவை நெருங்கி நிற்கும். கைப்பிடி இலையில் மணம் தூக்கலாகத் தெரியும். பாத்தியை அறுத்து எடை போட்டால் தழை குறைந்திருக்கும். வாட்டம் மிஞ்சினால் மொத்த எண்ணெயும் குறைவுதான். உபந்யாசகர் முகர்ந்து பார்க்கிறார், தராசைப் பார்ப்பதில்லை.

எல்லாப் பாத்தியும் ஒரே மாதிரி தவிப்பதுமில்லை. ஏக்கருக்கு 4 டன் கணக்கில் தொழுவுரம், கொஞ்சம் மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு எல்லாம் அடியில் போட்டு, யூரியாவைக் குறைத்துப் பிரித்துக் கொடுத்த பாத்தி, முறைத் தண்ணீர் தள்ளிப்போனாலும் தாங்குகிறது. மக்கிய எரு ஈரத்தைப் பிடித்து வைக்கும். வெறும் யூரியா கண்ட பாத்தியோ காய்ச்சலில் வேர் கருகிப்போகிறது. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருந்தும் ஈரமில்லாமல் வேருக்கு எட்டாது.

கஷ்டத்தில் பக்குவப்பட்டவர் என்று நாம் கொண்டாடும் ஆளின் அடியிலும் யாரோ முன்பே எரு போட்டிருக்கிறார்கள். ஒரு தாய்மாமன், கேட்காமல் கைமாற்று தந்த சிநேகிதி, கொஞ்சம் படிப்பு. புகழ் மட்டும் கஷ்டத்துக்குப் போகிறது.

நான் தண்ணீரை நிறுத்தினால் விடிகாலையில் போய்ப் பார்ப்பேன். மத்தியானம் தொங்கிச் சாயங்காலம் நிமிரும் செடி பொறுக்கும். விடியும்போதே தொங்கினால் மோட்டாரைப் போட்டாக வேண்டும். அதையும் தாண்டவிட்டால் எவ்வளவு பாய்ச்சினாலும் எழாது. அந்த அக்கா வீட்டு விடிகாலையை யார் போய்ப் பார்த்தார்கள்?

சுடச் சுட ஒளிரும் பொன் என்று துக்கத்துக்கு எடுத்துக்காட்டும் உவமையை வள்ளுவர் வைத்தது தவம் அதிகாரத்தில். நோன்பைத் தானே ஏற்றவருக்குச் சொன்னது அது. வாழ்க்கை துன்பத்தில் தள்ளிவிட்டவர் தலையில் அதைக் கட்டுவது நம் வேலை, வள்ளுவருடையதல்ல. இந்த ஊர் நந்தவனத்தில் துளசியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்த பெரியாழ்வாரும் செடிகளைத் தவிக்கவிட்டு மணம் பார்த்ததாக எந்தக் கதையிலும் நான் கேட்டதில்லை.

துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து பகவானின் நோக்கத்தை விளக்காதீர்கள். அரிசி இருக்கிறதா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டியாயிற்றா என்று கேளுங்கள்.