திருவெம்பாவை காட்டும் அருள்மழை

மார்கழித் திருவாதிரையோடு நிறைவுறும் பத்து நாட்களும் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் விடியுமுன்னே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கும். ஆலயங்களில் திருவெம்பாவைப் பூசை நடைபெறும். இருபது பாடல்களையும் மனனஞ் செய்து பாடும் பிள்ளைகள் இன்றும் உளர். ஆயினும் பலர் ஓசையோடு நின்றுவிடுகின்றனர். உவமையின் உட்பொருளை அறியாது பாடுவது, உடைக்காத தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு பசித்திருப்பது போன்றதாகும்.

திருவாதவூரிலே தோன்றிப் பாண்டியனுக்கு அமைச்சராயிருந்தவர் மணிவாசகப் பெருமான். அவர் கன்னிப் பெண்களின் வாய்மொழியாக ஏன் பாடவேண்டும்? இறைவன் ஒருவனே தலைவன். உயிர்களெல்லாம் அவனை நாடும் தலைவியர். ஆகவே நரைத்த முதியவரும் இதனைத் தம் பாடலாகவே பாடலாம். படுக்கையில் கிடக்கும் தோழியின் உறக்கம் வெறும் உறக்கமன்று; உயிரைப் பற்றிநிற்கும் ஆணவ இருள். வாயிலில் நின்று அழைப்பது அடியார் கூட்டம். முதல் எட்டுப் பாடல்களில் அவர்கள் ஏசுவதும் நகைப்பதும், ஒருத்தியையேனும் விட்டுச்செல்ல மனமில்லாத அன்பினாலேயாம்.

பதினாறாம் பாடலில் அப்பெண்கள் மழையை வேண்டுகின்றனர். கடல்நீரை முகந்தெழும் கார்மேகத்துக்கு உமையம்மையின் திருமேனி உவமை. மின்னலுக்கு அம்மையின் இடை, இடிக்குச் சிலம்பொலி, வானவில்லுக்குத் திருப்புருவம், பொழியும் மழைக்கு அவள் சுரக்கும் இன்னருள்.

இதனை வெறும் அலங்காரமென்று கொள்ளலாகாது. யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு இது எளிதில் விளங்கும். இங்கே வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரி மழையே வயலுக்கும் கிணற்றுக்கும் ஆதாரம். உப்புக் கடலின் நீரே மேகமாகி நன்னீராய் இறங்குகின்றது. அது சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி, நிலத்தடியில் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும், கிணறு பாழாகும்.

மனமும் அத்தகைய கிணறே. ஆணவம் முத்தியிலும் அழிவதில்லை, அதன் வலி அடங்கியே கிடக்கும் என்பது சைவசித்தாந்தம். அருள் நிறைந்திருக்கும்வரை மனம் இனிக்கும். கோபத்தாலும் பேராசையாலும் அதனை இறைத்துக் கொட்டினால் உவரே மிஞ்சும். குடும்பங்களில் உடன்பிறந்தார் முகம் பாராதிருப்பதும், கோயில் வீதியிலேயே அயலவர் பகை பாராட்டுவதும் அவ்வுவரின் வேலையே. மழையை வேண்டிப் பாடும் வாய், வீடு திரும்பியதும் வசை பாடலாமா?

புராணபடனத்தில் ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்வது யாழ்ப்பாணத்து ஆலயங்களின் பழைய மரபு. அம்மரபைத் திருவெம்பாவைக்கும் கைக்கொள்ளலாம். பூசை முடிந்து பிரசாதம் வழங்குமுன், நாளொன்றுக்கு இரண்டு பாடல்களுக்குப் பெரியோர் பொருள் சொன்னால், பத்து நாட்களில் இருபதும் நிறைவெய்தும். பிள்ளைகள் பொருளுணர்ந்து பாடுவர். கேட்போர் உள்ளமும் கனியும்.

அம்மையின் அருள்மழை எல்லோர் மீதும் பொழிவதாக.