டன்ஸ் ஊர்த் துறவி

ஆங்கிலத்தில் 'டன்ஸ்' என்றால் மக்கு. முன்பெல்லாம் பாடம் வராத பிள்ளையின் தலையில் கூம்புக் காகிதத் தொப்பியைக் கவிழ்த்து வகுப்பு மூலையில் நிறுத்துவார்களே, அந்தத் தொப்பிக்கும் அதே பெயர்தான்.

பெயருக்கு உரியவரோ மாமேதை. ஸ்காட்லாந்தின் டன்ஸ் ஊரைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவி ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ். ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிசிலும் இறையியல் கற்பித்து, 1308-இல் கொலோனில் மறைந்தார். 'நுண்மதி ஆசான்' என்பது அவருக்குக் கிடைத்த பட்டம். மனிதன் என்ற பொதுத்தன்மை எல்லாருக்கும் உண்டு. ஆனால் இந்த மனிதனை இவனாகவே ஆக்குவது எது? அதைத்தான் அவர் 'இதுதன்மை' என்றார்.

16-ஆம் நூற்றாண்டில் கிரேக்கமும் செவ்விய லத்தீனும் கற்ற புதிய அறிஞர்கள், அவர் வழிவந்தவர்களை வீண் நுணுக்கம் பேசுபவர்கள், புதுப் படிப்புக்குப் பகைவர்கள் என்று சொல்லி, 'டன்ஸ்' என ஏசினார்கள். ஏச்சு நிலைத்தது, அவர் நூல்களைப் புரட்டாதவர் வாயிலும் ஏறியது. தனித்தன்மையை ஆராய்ந்தவரின் பெயரே பொதுச்சொல்லாகிப்போனது பெரிய அநீதி.

திருச்சபை அவரை மறக்கவில்லை. மரியாள் பிறவிப்பாவமின்றிக் கருவானார் என்று அவர் வாதிட்ட கருத்து 1854-இல் கோட்பாடாக அறிவிக்கப்பட்டது. 1993-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் என்ற சிறப்பை உறுதிசெய்தார். கொலோன் தேவாலயம் ஒன்றில் அவர் கல்லறை இருக்கிறது.