மூத்தவனும் அரசு, இளையவனும் அரசு



பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து இறைக்கிற மாங்கனியை மடியில் ஏந்தி, பிள்ளை வரம் கேட்டுப் போகிறவர்கள் இந்தக் காரைக்காலில் ஏராளம். அவர்களில் பலர் பிறகு கைக்குழந்தையோடு அம்மையார் சன்னிதிக்கு வருகிறார்கள். இரண்டாவது குழந்தையோடு வருகிறவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது இதுதான்: "மூத்தவனுக்கு இன்ன பேர் வச்சிருக்கோம் சாமி, இவளுக்கு அதோட பொருந்துற மாதிரி ஒரு பேர் சொல்லுங்க."

பொருந்துகிற மாதிரி என்றால் என்ன? மூத்தவன் தர்ஷன் என்றால் இளையவள் தர்ஷினி. அவன் ரித்திக் என்றால் இவள் ரித்திகா. முதலெழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், கூப்பிட்டால் சந்தமாக விழ வேண்டும். இதில் தவறு ஒன்றும் இல்லை. எதுகையும் மோனையும் வளர்த்த மொழி நம்முடையது, காது அதைத் தேடத்தான் செய்யும். ஆனாலும் இரண்டு பிள்ளைகளின் பெயர்ப் பொருத்தத்துக்கு இந்தக் காவிரிக் கரையிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

அரசலாறு கடலில் கலக்கிற இந்த ஊரிலிருந்து மேற்கே போனால் திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூர். இன்றைக்குச் சந்திரன் தலம் என்று எல்லோரும் போகிறார்கள். அந்த ஊரில் அப்பூதி அடிகள் என்று ஓர் அந்தணர் இருந்தார். திருநாவுக்கரசரை அவர் கண்ணால் கண்டதில்லை, கேள்விப்பட்டதோடு சரி. அந்தக் கேள்வியிலேயே உருகிப் போய், முதல் பிள்ளை பிறந்ததும் திருநாவுக்கரசு என்று பேர் வைத்தார். இரண்டாவது பிள்ளை பிறந்தது. அதற்கும் திருநாவுக்கரசு! மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு. வீட்டு மாடு கன்றுக்கும் அதே பேர். நெல் அளக்கிற மரக்காலுக்கும், வழிப்போக்கர் தாகம் தீர வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பேர்.

அந்தப் பந்தலில் தம் பேரைப் பார்த்துத்தான் திருநாவுக்கரசராகிய அப்பர் பெருமான் அந்த வீட்டு வாசலுக்கு வந்தார். "உம்முடைய பேரை எழுதாமல் வேறொருவர் பேரை எழுதியது ஏன்?" என்று கேட்டார். அப்பூதியாருக்குக் கோபம் வந்துவிட்டது. யாரைப் பார்த்து வேறொருவர் என்கிறீர் என்று சீறினார். சூலை நோய் தந்து சிவபெருமான் ஆட்கொண்ட அந்த எளியவன் நான்தான் என்று அப்பர் சொன்னதும் குடும்பமே காலில் விழுந்தது. விருந்துக்கு ஏற்பாடாகிறது. மூத்த திருநாவுக்கரசைக் குருத்து இலை அரிந்து வரச் சொல்லி வாழைத் தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே பாம்பு தீண்டிவிடுகிறது. விஷம் தலைக்கு ஏறுமுன் ஓடிவந்து இலையைத் தாயிடம் கொடுத்துவிட்டுச் சாய்கிறான் பிள்ளை. அடியவர் அமுது செய்வது தடைபடக் கூடாதே என்று பெற்றவர்கள் உடலை மறைத்து வைத்துவிட்டு அப்பரை அழைக்கிறார்கள்.

இங்கேதான் நான் எப்போதும் நின்றுவிடுவேன். அப்பர் எல்லோருக்கும் திருநீறு தருகிறார். மூத்த பிள்ளை எங்கே, அவனை முன்னே வரச் சொல்லுங்கள் என்கிறார். அங்கே ஒரு திருநாவுக்கரசு நின்றுகொண்டுதான் இருக்கிறான். அதே பேர், அதே வீடு, அதே பெற்றோர். ஒரு பிள்ளை நிற்கிறதே போதும் என்று அப்பருக்குத் தோன்றவில்லை. இல்லாத பிள்ளையைக் கேட்டார். அவன் இப்போது உதவமாட்டான் என்று அப்பூதியார் சொன்ன பதிலில் அவர் உள்ளம் ஏதோ தடுமாறியது. உண்மையைக் கேட்டறிந்து, உடலைக் கோயிலுக்குக் கொண்டுவரச் செய்து, பதிகம் பாடி, எழுப்பிக் கொடுத்த பிறகுதான் உண்ண உட்கார்ந்தார்.

பெற்றவர்களே, இதை மனத்தில் வையுங்கள். இரண்டு பிள்ளைகளின் பேரும் ஒரே அன்பிலிருந்து வந்தன. அப்படி வந்ததற்கு மேல் பொருத்தம் ஏது? அப்படி ஒரே பேர் இருந்தும் ஒருவனுக்கு ஈடாக இன்னொருவன் நிற்க முடியவில்லை. நம் வீடுகளிலோ மூத்ததின் பேரை முதலில் ஆசை ஆசையாகத் தேடிவிட்டு, அடுத்ததற்கு அந்தப் பேரின் வாலைத் திருகி ஒன்றைச் செய்து கொடுத்துவிடுகிறோம். இளையது வளர்ந்து "என் பேருக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டால், "அண்ணன் பேருக்குப் பொருத்தமா வச்சோம்" என்பதைத் தவிர நம்மிடம் பதில் இல்லை. அந்தப் பிள்ளைக்கு இது நியாயமா?

திருவாமூரில் ஒரு அக்காவும் தம்பியும் இருந்தார்கள். திலகவதி, மருள்நீக்கி. முதலெழுத்தும் சேராது, ஓசையும் சேராது. திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். தாமும் உயிர் விடத் துணிந்தவரைத் தம்பிதான் காலில் விழுந்து தடுத்தார். தம்பிக்காக அக்கா உயிர் தரித்தார். அந்தத் தம்பி சமணம் சென்றபோது அவருக்காக இறைவனிடம் அழுதார். அந்தத் தம்பிதான் திருவதிகையில் இறைவன் வாயால் திருநாவுக்கரசு என்று பேர் பெற்றவர். அந்த அக்கா அன்று உயிர் தரிக்காவிட்டால் திங்களூரில் இரண்டு பிள்ளைகளுக்கு வைக்க அந்தப் பேரே இருந்திருக்காது.

நம் ஊருக்கு வருகிறேன். தனதத்தன் என்ற வணிகர் வீட்டில் பிறந்தவர் புனிதவதி, நம் காரைக்கால் அம்மையார். ஆண் பிள்ளை இல்லையே என்று அந்த வீடு வாடியதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. செல்வ மகளாகத்தான் வளர்த்தார்கள். நாகப்பட்டினத்துப் பரமதத்தன் அவரை மணந்தார். இறையருளால் மாங்கனி வந்த அற்புதம் நடந்த பிறகு, இவர் மானிடப் பெண் இல்லை என்று அஞ்சி, கப்பலேறிப் போய்ப் பாண்டிய நாட்டில் வேறொரு பெண்ணை மணந்தார். பிரிந்து போனவர் தமக்குப் பிறந்த மகளுக்கு என்ன பேர் வைத்தார்? புனிதவதி. பிறகு அம்மையார் அங்கே வந்தபோது மனைவியோடும் அந்தக் குழந்தையோடும் வந்து காலில் விழுந்தார். குலதெய்வத்தின் பேரைப் பிள்ளைக்கு வைப்பது போல வைத்தார் அவர். ராஜராஜ சோழன்கூடத் தன் அக்கா குந்தவையின் பேரைத்தான் மகளுக்கு வைத்தான். பெற்றவர்கள் யாரை வணங்குகிறார்களோ அவர்கள் பேர் பிள்ளைக்கு வந்து சேர்கிறது. பெரியாழ்வார் ஒரு பதிகம் முழுவதிலும் வற்புறுத்துவதும் இதைத்தான்: பொன்னுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுப் பேர் வைக்காதீர்கள், பகவான் நாமத்தை வையுங்கள் என்கிறார்.

ஒன்றை மட்டும் மனம் நொந்து சொல்கிறேன். மூத்தது பெண், அடுத்ததும் பெண் என்றால் 'போதும்பொண்ணு' என்று பேர் வைக்கிற வழக்கம் நம் நாட்டில் இருந்தது. அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று வைப்பார்கள். வாழ்நாள் முழுவதும் ஒரு பெண்ணை "போதும், போதும்" என்று கூப்பிட்டால் அவள் மனம் என்ன பாடுபடும்? அது பாவம். ஒரு பெண்ணைச் சிவபெருமானே "அம்மையே" என்று அழைத்த கதையைக் கொண்டாடுகிற ஊர் இது. நாயன்மார் அறுபத்து மூவரில் அவர் ஒருவரே அமர்ந்த கோலத்தில் இருப்பவர். இந்த ஊரில் எந்த வீட்டிலும் இரண்டாவது பெண் வேண்டாத பெண்ணாக இருக்கக் கூடாது. அப்படிப் பேர் பெற்ற பெண்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், அரசிதழில் விளம்பரம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் தாயே, வெட்கப்படாமல் செய்யுங்கள்.

பேர் தேட அவசரமும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பேர் இல்லாமலே பதியலாம். 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். நட்சத்திர எழுத்துப் பார்க்கிற வீட்டில் பாருங்கள். அந்த எழுத்தில் இறைவன் பேரோ அடியார் பேரோ கிடைக்கும்.

பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் முடிந்து, தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, விரலால் பேர் எழுதும்போது மூத்த குழந்தையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அத்தையும் பாட்டியும் மூன்று முறை காதில் சொன்ன பிறகு அந்தக் குழந்தையையும் ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் ஏன் அந்தப் பேர் வைத்தீர்கள் என்பதை வளர வளரச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் வீட்டுக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்தால், புனிதவதி என்று வைக்க ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.