கூஃபா மக்களும் நம் கிராம சபையும்



கூஃபாவாசிகள் தங்கள் ஆளுநரைப் பற்றி கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் புகார் சொன்னார்கள். ஆளுநர் சாதாரண மனிதரல்ல. சொர்க்கத்தைக் கொண்டு நற்செய்தி சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவரான ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி). அவருக்கு ஒழுங்காகத் தொழவைக்கத் தெரியவில்லை என்றுகூடக் குறை சொன்னார்கள்!

"யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள்?" என்று உமர் (ரலி) அவர்களை விரட்டவில்லை. ஸஅத் (ரலி) அவர்களைப் பொறுப்பிலிருந்து மாற்றி, விளக்கம் கேட்டார்கள். விளக்கத்தில் திருப்தியும் அடைந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கூஃபாவுக்கு ஆளனுப்பி, ஒரு பள்ளிவாசல் விடாமல் மக்களிடமே விசாரிக்க வைத்தார்கள். எங்கும் புகழ்ந்தே பேசினார்கள். பனூ அப்ஸ் பள்ளியில் மட்டும் ஒருவர் எழுந்து பழி சொன்னார். அது பொய், ஸஅத் (ரலி) அவர்களின் துஆ அவரைப் பிடித்தது. புகாரியில் உள்ள செய்தி இது. கேட்கவும் வேண்டும், இட்டுக்கட்டவும் கூடாது.

நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர் என்ற நபிமொழியில் பொறுப்பாளிக்கு வரும் அரபுச் சொல் 'மஸ்ஊல்'. நேர்ப்பொருள்: கேள்வி கேட்கப்படுபவர். மறுமையில் அல்லாஹ் கேட்பான். துன்யாவில் யார் கேட்பது?

நம் விழுப்புரம் மாவட்டத்தையே பாருங்கள். ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் நடந்தது. ஐந்து வருடம் தனி அலுவலர்கள் நிர்வாகம். குழாயில் தண்ணீர் வராவிட்டால், "உனக்குத்தானே ஓட்டுப் போட்டோம்" என்று சட்டையைப் பிடித்துக் கேட்க ஊரில் ஆள் இல்லை. கண்டமங்கலம் ஒன்றியத்து ஊர்களுக்கும் இதே கதைதான்.

சரி, தலைவர்கள் வந்த பிறகு நாம் கேட்டோமா? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்தில் ஆறு நாள் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஆண், பெண் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். நாமோ லீவு நாள் என்று தூங்குகிறோம், அல்லது கடையைத் திறக்க ஓடுகிறோம். போகிறவர்களும் தீர்மானத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அங்கே பதில் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். ஒரு டீ விலை!

ஓட்டுக்குப் பணம் வாங்கியவருக்கு இந்தச் சபையில் வாய் திறக்காது. 2019இல் பணப் பட்டுவாடா புகாரில் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலையே ரத்து செய்தார்கள். கொடுத்தவரைத் திட்டினோம், வாங்கிய கை நம்முடையதாகவும் இருக்கலாம். ஓட்டு ஒரு சாட்சியம். சாட்சியத்தை விற்றவர் எந்த முகத்தோடு கணக்குக் கேட்பார்?

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். நம் ஜமாஅத் கணக்கை எத்தனை பேர் கேட்கிறோம்? உண்டியல், வக்ஃபு வாடகை, ரமளான் வசூல் எல்லாம் அமானிதம். முத்தவல்லியிடம் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். ஸஅத் (ரலி) அவர்களை விடவா நாங்கள் பெரியவர்கள்? இந்த வாரம் தொழுகை முடிந்ததும் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். இமாமின் சம்பளப் பக்கத்தையும் சேர்த்தே.