பந்தலடியில் என்ன கேட்பது?

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்ள வருபவர்கள் திருநங்கைகள் மட்டும் அல்ல. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து நேர்ந்துகொண்டு வரும் ஆண்களும் கூட்டத்தில் இருப்பார்கள். அப்பாவின் கையைப் பிடித்தபடி சிறுவர்களும் வருவதுண்டு. அவர்கள் கழுத்திலும் பூசாரி மஞ்சள் கயிற்றைக் கட்டுகிறார். மறுநாள் தேர் சுற்றி, கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவான் பலியானதும் பந்தலடியில் அந்தக் கயிறும் அறுக்கப்படுகிறது.

பாலியல்பின் சமூகவியல் குறித்து ஆய்வுக் கட்டுரை எழுதத் திட்டமிடும் ஒரு மாணவி கூவாகத்தைத் தேர்ந்தெடுத்தால், முதல் சிக்கல் இந்த ஆண்களிடமே தொடங்கிவிடும். திருநங்கையைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று அவள் ஏற்கெனவே முடிவுசெய்திருப்பாள். நோய் தீரவோ பிள்ளை வரத்துக்கோ நேர்ந்துகொண்டு, ஓர் இரவு ஆண் தெய்வத்துக்கு மனைவியாகிவிட்டு, மறுநாள் தன் மனைவி மக்களிடம் திரும்பும் விவசாயியை எந்தக் கட்டத்தில் குறிப்பாள்? "உங்கள் பாலீர்ப்பு என்ன?" என்று கேட்டால் அவருக்கு அது கேள்வியாகவே படாது. அவர் வந்தது சாமிக்காக.

சமூகவியலின் பழைய தத்துவச் சிக்கல்தான் இது. பக்தி என்பது வேறொன்றின் போர்வையா, அல்லது பக்தி பக்திதானா? ஆண்டு முழுவதும் அவமதிக்கப்படும் திருநங்கைகளுக்குச் சமூகம் ஒருநாள் மட்டும் தரும் வடிகால் இது என்று ஒரு விளக்கம் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விளக்கத்தோடு நின்றுவிட்டால் பந்தலடியில் எழும் ஒப்பாரியை ஆய்வாளர் காதில் வாங்கவே இல்லை என்றுதான் அர்த்தம். வளையல்கள் உடைகின்றன. பூவைப் பிய்த்து எறிகிறார்கள். பூசாரி கயிற்றை அறுத்ததும் ஒருவர் மார்பில் அடித்துக்கொண்டு தரையில் சரிகிறார். குளித்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்ட பிறகும் அழுகை ஓயவில்லை. இதை நடிப்பு என்றோ குறியீடு என்றோ எழுதுவதற்கு முன் பேனா தயங்க வேண்டும். எந்த மதமும் பொய்யில்லை என்று சமூகவியலாளர் துர்கேம் 1912இல் வாதிட்டார். தெய்வம் உண்டா இல்லையா என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. நம்புகிறவர்களின் வாழ்வில் ஏதோ ஓர் உண்மைக்கு ஒவ்வொரு சடங்கும் பதில் சொல்கிறது என்றார். அந்த அளவு மரியாதை கூவாகத்துக்கும் உரியது.

இந்தச் சடங்கின் பின்னால் உள்ள கதையே யோசிக்க வைக்கிறது. வியாச பாரதத்தில் அர்ச்சுனன் மகன் இராவான் (தமிழில் அரவான்) எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையில் மடிகிறான். கல்யாணம் எதுவும் இல்லை. களப்பலியாகத் தன்னையே தருவது தமிழ் பாரத மரபில் வருகிறது. மணமாகாமல் சாக விரும்பாத அரவானுக்காகக் கண்ணன் மோகினியாகி ஓரிரவு மனைவியானதும், விடிந்ததும் விதவையாகி அழுததும் இந்த வட்டாரம் சொல்லும் கதை. இங்கே முதலில் பால் கடந்தவர் தெய்வம். திருநங்கை அந்தத் தெய்வத்தின் வழியில் நடக்கிறார். வேண்டுதல்காரரும் அதே வழியில்தான் நடக்கிறார்.

தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா உண்டு. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கும் தெய்வத்தைக் குறிக்கும் பெயருக்கும் தமக்கெனத் தனி விகுதி இல்லை, உயர்திணைப் பால் விகுதிகளையே அவை ஏற்கும் என்பது அதன் கருத்து. இலக்கண விதிதான். ஆனாலும் அவர்களையும் தெய்வத்தையும் ஒரே நூற்பாவில் அருகருகே வைத்த அந்த இடம் கூவாகத்துக்குப் போகும் எவரையும் ஒரு நிமிடம் நிறுத்திவிடும். அரசின் கணக்கிலோ, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆண், பெண் போக 'மற்றவர்' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. நாடு முழுவதும் 4,87,803 பேர் அதில் பதிவானார்கள். தமிழ்நாட்டில் 22,364 பேர். திருநங்கை, திருநம்பி, இடைப்பாலினர் எல்லோரும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்க வேண்டியிருந்தது.

சொல்தான் ஆய்வின் முதல் கருவி, முதல் ஆபத்தும் அதுவே. இந்தியாவில் பாலியல்பு ஆய்வுகள் பெருகியதற்கு எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களின் பணம் ஒரு பெரிய காரணம். 1986இல் சென்னையில் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்ட பிறகு வந்த அலை அது. அந்தத் திட்டங்களின் படிவங்கள் மனிதரை அவர் யாரோடு உறவு கொள்கிறார் என்பதை வைத்து வகைப்படுத்தின. நோயைத் தடுக்க அது உதவியது. ஆனால் ஒருவரின் குரு யார், சேலாக்கள் (சீடர்கள்) யார், எந்த ஜமாத் (திருநங்கைகளின் குழு), எந்தச் சாமி என்பதையெல்லாம் அந்தப் படிவம் கேட்காது. ஹைதராபாத் ஹிஜ்ராக்களைப் பற்றி 2005இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் காயத்ரி ரெட்டி, பாலியல்பை மட்டும் வைத்து அவர்களைப் புரிந்துகொள்ள முடியாது, மதமும் உறவுமுறையும் மரியாதையும் சேர்ந்துதான் அந்த வாழ்க்கை என்று காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டே ரேவதி, தாமே திருநங்கையாக இருந்து, சக திருநங்கைகளின் பேச்சைத் தொகுத்து 'உணர்வும் உருவமும்' நூலைக் கொண்டுவந்திருந்தார். மாணவி படிக்க வேண்டிய முதல் புத்தகம் இது. கோட்பாட்டு நூல்கள் அதன் பிறகு வரட்டும்.

இன்னொன்றையும் அவள் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் லாட் ஹம்ஃப்ரீஸ் 1960களில் பூங்காக் கழிப்பறைகளில் ஆண்கள் உறவு கொள்வதைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். அவர்களின் கார் எண்களைக் கொண்டு முகவரி கண்டுபிடித்து, சுமார் ஓராண்டு கழித்து வேடம் மாற்றி, சுகாதாரக் கணக்கெடுப்பு என்று சொல்லி வீடுகளுக்கே போனார். பாதிக்கு மேற்பட்டவர்கள் மணமானவர்கள் என்று தெரிந்தது. முக்கியமான கண்டுபிடிப்புதான். ஆனால் கிடைத்த வழி ஏமாற்று. யாராவது அந்தக் குறிப்பேட்டைப் பார்த்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் சிதறியிருக்கும். அழுகிற முகத்துக்கு அருகே கேமராவை நீட்டுவதும் அதே தவறின் இன்னொரு வடிவம்தான். அனுமதி கேட்க வேண்டியது திருவிழாவுக்கு முன்பு. தாலி அறுபடும் நேரத்தில் அல்ல.

சடங்கில் நடப்பது கல்யாணமா என்று கேட்பவர்களுக்குச் சட்டத்தின் பக்கம் ஓர் ஆவணம் இருக்கிறது. 2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணும் திருநங்கையும் மணந்துகொண்டார்கள். பதிவு செய்ய அலுவலகம் மறுத்தது. இந்துத் திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. கூவாகத்து மணமகளுக்குப் பதிவேடு இல்லை, மணமகன் மறுநாளே இறந்துவிடுகிறான். அதற்காக அந்தத் துக்கம் குறைந்துவிடுவதில்லை.

கேள்வித்தாளைத் தயாரிக்கும்போது வயது, பால், பாலீர்ப்பு என்று தொடங்கும் வழக்கத்தை மாணவி மாற்றிக்கொள்ளலாம். முதல் கேள்வி, என்ன வேண்டிக்கொண்டு வந்தீர்கள் என்பதாக இருக்கட்டும். அதற்கு விவசாயியிடமும் பதில் இருக்கும், திருநங்கையிடமும் இருக்கும்.