முள் கேட்கும் தாதர்

மும்பையின் தாதரில் தரை முழுதாக அசையாமல் இருக்கும் நேரம் குறைவு. 1853இல் போரிபந்தரிலிருந்து தானேவுக்குப் போன முதல் பயணிகள் ரயிலின் தடம் இந்த வழியாகத்தான் போகிறது. மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும் தோளுரசி நிற்கும் நிலையம் இது. 2025 மே மாதத்திலிருந்து பூமிக்கு அடியில் மெட்ரோ மூன்றாம் தடமும் ஓடுகிறது. பழைய கட்டடங்களில், ஊர் ஓய்ந்தபின் லோக்கல் ரயில் கடக்கும்போது அலமாரிக் கண்ணாடி லேசாகச் சிலிர்ப்பதைக் கேட்கலாம்.

இந்தத் தரைமேல் ஒரு வீடு, வீட்டுக்குள் ஓர் இசைத்தட்டு ப்ளேயர். அதற்கு அடியில் எதையாவது வாங்கி வைத்தால் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்குமா? கடைகளில் ரப்பர் பேட் இருக்கிறது, ஜெல் பாதம் இருக்கிறது, பித்தளைக் கூம்பு, ஸ்பிரிங் மேடை எல்லாம் இருக்கின்றன. சில நூறு ரூபாயில் தொடங்கி லட்சத்தையும் தாண்டும். பாட்டுக் கேட்பவர்கள் இதில் இரண்டு கட்சி. வைத்ததும் திரை விலகியதுபோல் இருந்தது என்பார் ஒருவர். எல்லாம் பிரமை என்பார் இன்னொருவர். இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தெரியவந்தது ஹிந்து காலனியில், தண்டவாளத்துக்குக் கிட்டே குடியிருக்கும் ஒரு மாமா வீட்டில்.

“இதுக்கடியில ஒரு மேடை வாங்கி வெச்சா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்கறான்டா கடைக்காரன். வெக்கலாமா?”

“வாங்கறது இருக்கட்டும் மாமா. மோட்டாரப் போடாம, தட்டு சுத்தாம, முள்ள மட்டும் எறக்குங்கோ. வால்யூம் எப்பவும் வெக்கற அளவு.”

நின்றுகிடக்கும் தட்டில் முள்ளை இறக்கினார். தேக்கு ஸ்டூலை விரல் நுனியால் தட்டினேன். ஸ்பீக்கரில் ‘தொம்’ என்று விழுந்தது. அவர் சமையலறைப் பக்கம் நடந்தார். ஒவ்வோர் அடியும் கேட்டது. பிறகு லோக்கல் ஒன்று கடந்தது. காதுக்கு வந்தது அடங்கிய உறுமல்தான். ஆனால் பெரிய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு உள்ளும் வெளியுமாக மெல்ல அசைந்ததைக் கண்ணாலேயே பார்த்தோம். “ரயில் முள்ளு வழியா வரதுடா!” என்றார் மாமா. அவர் குரலில் இருந்தது வியப்பு மட்டும்தான்.

வராமல் எப்படி இருக்கும்? தட்டின் பள்ளத்தில் மெல்லிய ஒலிகளுக்கான நெளிவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் கனமே எழுபது மைக்ரான் அளவு. அந்த நெளிவைத் தடவி உணரத்தான் முள்ளைச் செய்திருக்கிறார்கள். பள்ளம் அசைந்ததா, பள்ளத்தைத் தாங்கும் கட்டடம் அசைந்ததா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. தட்டில் இடம் போதாதென்று கீழ்ஒலிகளைச் சுருக்கிப் பதிவார்கள், இசைக்கும்போது மறுபடி பெருக்குவார்கள். 1954இல் இதற்கென ஏற்பட்ட பொது அளவின்படி, 20 ஹெர்ட்ஸ் ஒலி நடு ஒலியைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு பெருக்கப்படுகிறது. ரயிலின் அதிர்வும் காலடியும் இருப்பது இந்தக் கீழ்ப்பகுதியில்தான். அறைக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரின் அதிர்வும் தரைவழியாகவும் காற்றுவழியாகவும் முள்ளுக்கே திரும்பி வந்து பாட்டைக் கலக்குகிறது. ஆகவே இசைத்தட்டு ப்ளேயருக்கு அதிர்வுத் தடுப்பு நிச்சயம் உதவும். 1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் சுழலும் தட்டையும் முள்ளைத் தாங்கும் கையையும் ஒரே சட்டத்தில் சேர்த்து ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு ஒரு ப்ளேயர் செய்தார். அதன்பின் வந்த பல நல்ல ப்ளேயர்கள் அந்த வழியைப் பின்பற்றியவை.

ஆனால் மெத்தென்று இருக்கிறது என்பதற்காகவே ஒரு பொருள் அதிர்வைத் தடுத்துவிடாது. மீள்தன்மை உள்ள ஒன்றின்மேல் எதை வைத்தாலும் அதற்கென்று ஓர் ஆட்ட வேகம் வந்துவிடுகிறது. ப்ளேயரின் கனத்தில் பேட் 2 மில்லிமீட்டர் அமுங்கினால் அந்த வேகம் ஏறத்தாழ 11 ஹெர்ட்ஸ். 16க்கு மேற்பட்டதை அது தடுக்கத் தொடங்கும்; அதற்குக் கீழே உள்ளதை அப்படியே விடும்; 11ஐ ஒட்டி வருவதைப் பெரிதாக்கியே அனுப்பும். முள்ளைத் தாங்கும் கையின் சொந்த ஆட்டமும் பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள்தான் அமைகிறது. பேட் வைத்தபின் ஒலி குழம்பிவிட்டது என்று சிலர் சொல்வதில் பொய்யில்லை. நன்றாகத் தடுக்கவேண்டுமானால் 10 மில்லிமீட்டராவது அமுங்கும் ஸ்பிரிங் வேண்டும். அப்போது ஆட்டம் 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். கூர்மையான பித்தளைக் கூம்பு எதையும் தடுப்பதில்லை. பெட்டியைத் தரையோடு இறுக்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை.

அதிர்வைத் தடுப்பதில் உச்சம் வரை போகிறவர்களும் உண்டு. இதே மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமையவிருக்கிறது. விண்வெளியில் எங்கோ மோதும் கருந்துளைகளின் அலையைப் பிடிக்கும் நிலையம் அது. அமெரிக்க லைகோவில் 40 கிலோ கண்ணாடிகளை ஊசல்களுக்குக் கீழே ஊசலாக நான்கு அடுக்கில் தொங்கவிடுகிறார்கள். தேடும் அசைவோ ஒரு புரோட்டானின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. அவ்வளவு செய்தும் தரையின் மிகக் கீழான அசைவுகள் உள்ளே வரத்தான் செய்கின்றன. சுமார் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தக் கருவிக்குக் காது மந்தம். தேக்கு ஸ்டூலுக்கும் கருந்துளைக்கும் விதி ஒன்றே.

மாமா வீட்டில் சிடி ப்ளேயருக்கும் பேட் இருந்தது. அதற்கு அடியில் என்ன வைத்தாலும் சத்தம் மாறாது. சிடியில் இருப்பவை எண்கள். ஓரளவு அசைந்து சில எண்கள் தவறினாலும் கணக்கிட்டு மீட்டுவிடும் ஏற்பாடு உள்ளேயே உண்டு. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரும் அப்படியே. பழைய வால்வ் என்றால் தட்டினால் கணீரென்னும், அது வேறு. மேசைமேல் வைத்த ஸ்பீக்கருக்கு அடியில் பஞ்சுப் பாளம் வைத்தால் மேசை கூடவே பாடுவது குறையும், கீழ்வீட்டாருக்கும் நிம்மதி.

மாமா மேடை வாங்கவில்லை. ப்ளேயரை ஸ்டூலிலிருந்து எடுத்து, கனத்த வெளிச்சுவரில் இரும்பு பிராக்கெட் அடித்து, அதன்மேல் கடப்பாக் கல் போட்டு வைத்தோம். காலடி நின்றது. ரயில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அவருடைய ஆம்ப்ளிஃபையரில் கீழ்ஒலியை வெட்டும் ரம்பிள் ஃபில்டர் பட்டன் உண்டு. அழுத்தினார். ரயில் போயிற்று. கூடவே, ஓடிக்கொண்டிருந்த பாட்டில் மிருதங்கத்தின் கீழ்ஒலிப் பக்கமான தொப்பியும் மெலிந்தது. அதில் எழும் கும்கி வெறும் தட்டாகிவிட்டது. உடனே பட்டனை எடுத்துவிட்டார்.

நான் தேடிப்போன பதில் அந்தப் பட்டனில் இருந்தது. தொப்பி வரும் வாசலும் ரயில் வரும் வாசலும் ஒன்றுதான். எது கேட்கிறதோ அதைத்தான் கலைக்க முடியும். சிடி ப்ளேயர் கலையாமல் இருப்பதற்குக் காரணம் அது எதையும் கேட்பதில்லை, எண்ணுகிறது. நம் காதும் முள்ளின் ஜாதி. கேட்க முடிகிற மிகச் சன்னமான ஒலியில் செவிப்பறை அசையும் தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலத்தைவிடக் குறைவு. நம் நாடித்துடிப்பே நமக்கு இரைச்சலாகிவிடாதிருக்கத்தானோ என்னவோ, உட்செவியில் ஒலியை உணரும் செல்களுக்கு இடையே ரத்தக்குழாய்கள் நுழைவதில்லை. ஊட்டம் சுற்றியுள்ள திரவம் வழியே வருகிறது.

காதுக்குப் பின்னால் இருக்கும் மனசுக்கு அப்படி ஒரு காப்பும் இல்லை. சிடி ப்ளேயரின் பேட்டை அவர் பார்க்காதபோது எடுத்தும் வைத்தும் பாட்டைப் போட்டுக் காட்டினேன். மாமாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வாங்கிய அன்று தெரிந்ததே என்றார். அன்று அவருக்குத் தெரிந்தது பொய்யல்ல என்றே நினைக்கிறேன். காசு கொடுத்தவர் அன்றைக்குக் கூர்ந்து உட்கார்ந்து கேட்டிருப்பார். மனசு அசைந்திருக்கும், அந்த அசைவு பாட்டோடு கலந்திருக்கும். சண்முகானந்தா அரங்கில் தோடி ராக ஆலாபனையில் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறவரும் இதே மனுஷர்தான். விலைக்கும் பெட்டிக்கும் கடைக்காரன் பேச்சுக்கும் அசையாதபடி அந்த மனசை எதன்மேலாவது தூக்கி வைத்துவிட முடியும் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் தோடி எங்கே போய் இறங்கும்?