உடலைப் பற்றிய வஸ்வாஸ்

ஒளுச் செய்தபின்னும் கைகால்களைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறவரைப் பள்ளிவாசலில் கண்டால், ‘இவருக்கு வஸ்வாஸ்’ என்று உடனே சொல்லிவிடுகிறோம். அதே மனிதர் நாளுக்கு இருபது முறை தம் நாடியைப் பிடித்துப் பார்த்தாலோ, உடம்பில் அக்கறையுள்ளவர் என்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டில் மிளகு வாங்கும் வியாபாரி ஒருவரை அறிவேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் காதடைப்பதும் தலைசுற்றுவதும் எவருக்கும் உள்ளதுதான். இவருக்கோ அது மாரடைப்பின் அறிகுறி! நாமக்கல்லில் ஈ.ஸி.ஜி. எடுத்தார், குறையில்லை என்றார்கள். நான்கு நாள் நிம்மதி. பிறகு சேலத்தில் இன்னொன்று. அதற்கும் பிறகு மலையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். (மூட்டுவலிக்கென்று சொல்லப்படுவதை நெஞ்சுக்கு ஏன் குடித்தாரோ!)

பயந்தால் நெஞ்சு படபடக்கிறது. படபடப்பைக் கண்டு பயம் கூடுகிறது. சோதனை அந்த நேரத்துப் பயத்தைத் தணித்து, அடுத்த சோதனைக்கான தாகத்தை வளர்த்துவிடுகிறது. இங்கிலாந்தின் வார்விக், சால்கோவ்ஸ்கிஸ் இருவரும் 1985-ல் எழுதியதும் இதையே. ஹிஜ்ரி 322-ல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் சேர்த்து எழுதிய நூலில் வஸ்வாஸுக்கெனத் தனி இடம் ஒதுக்கி, தனிமையைத் தவிர்க்கவும் அலுவலில் ஈடுபடவும் வழி சொன்னார்.

இத்தகையவரிடம் ‘உமக்கு ஈமான் குறைவு’ என்று சிலர் சொல்வது கொடுமை. வஸ்வாஸைப் பற்றி முறையிட்ட ஸஹாபாக்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லையே!

தொழும்போது ஒளு முறிந்ததோ என்று ஐயம் வந்தால், சப்தமோ வாடையோ உறுதிப்படாதவரை தொழுகையை விடக்கூடாது என்பது அவர்கள் காட்டிய வழி. ஐயம் தீரும்வரை காத்திருக்கும்படி அதில் இல்லை; ஐயம் உள்ளத்தில் இருக்கவே தொழுகை நடக்க வேண்டும். இன்றைய மனநல மருத்துவர்கள் தரும் பயிற்சியும் ஏறத்தாழ இதுவே: பயம் இருக்கட்டும், நாடியைத் தொடாமல் மிளகை எடைபோடு என்பது.

மருத்துவம் செய்துகொள்வது ஸுன்னத். புதிதாக நெஞ்சுவலி வந்தால் அந்நேரமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முறையாக ஒருமுறை பார்த்துக் குறையில்லை என்றான பிறகு அதே பயத்துக்காக எடுக்கும் இருபதாவது சோதனையைத்தான் குறிப்பிடுகிறேன். அவருடைய வீட்டார், ‘எனக்கு ஒன்றுமில்லையே?’ என்ற கேள்விக்கு ஒருமுறை பதில் சொல்லிவிட்டு, அடுத்த முறை அன்போடு பேச்சை மாற்றட்டும். தூக்கமும் தொழிலும் கெடுமளவு முற்றினால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.